ஏற்கும் செல்லும் பெருகும் செல்லும்: விலங்குகளின் பால்சுரப்பி வளர்ச்சியில் புரோஜெஸ்டிரோன்

1. முன்னுரை

பாலூட்டிகளின் உறுப்புகளில் பெரும்பாலானவை பிறப்பதற்கு முன்பே தம் அமைப்பைப் பெற்றுவிடுகின்றன. பால்சுரப்பி இதற்கு விதிவிலக்கு. பிறக்கும் குட்டியிடம் இருப்பது காம்பை ஒட்டிய சில நாளங்கள் மட்டுமே. பருவமடையும்போது அவை நீண்டு கிளைக்கின்றன. சினைக்காலத்தில் செல்கள் பன்மடங்கு பெருகிப் பால் சுரக்கும் நுண்ணறைகளாகின்றன. குட்டி பால் மறந்ததும் அவற்றில் பெரும்பகுதி அழிகிறது. அடுத்த சினையில் எல்லாம் மீண்டும் தொடங்குகிறது. வளர்ந்த விலங்கின் உடலில் இத்தனை முறை கட்டப்பட்டுக் கலைக்கப்படும் உறுப்புகள் மிகச் சில.

இந்தக் கட்டுமானத்தை நடத்தும் ஹார்மோன்களில் சூலகத்தின் மஞ்சள் உடலமும், சில இனங்களில் நஞ்சுக்கொடியும் சுரக்கும் புரோஜெஸ்டிரோன் முதன்மையானது. கருவைக் கருப்பையில் நிலைநிறுத்தும் அதே ஹார்மோன், பிறக்கப்போகும் குட்டிக்கான உணவுக்கு மடியையும் தயார் செய்கிறது. புரோஜெஸ்டிரோன் மடியின் செல்களைப் பெருக்குகிறது என்பது நெடுங்காலமாகத் தெரிந்ததே. எப்படிப் பெருக்குகிறது என்பதற்கான விடை கடந்த நாற்பது ஆண்டுகளில்தான் உருப்பெற்றது.

அந்த விடையின் சாரம் இது: புரோஜெஸ்டிரோனை ஏற்கும் செல் பெரும்பாலும் தான் பெருகுவதில்லை, அருகிலுள்ள செல்லைப் பெருகச் செய்கிறது. இரண்டுக்கும் இடையே ஒரு தூதுப்பொருள் செயல்படுகிறது. ஓர் இனத்தின் மடி எவ்வாறு வளரும், எங்கே நோயாகத் திரியும், அந்த நோயை எந்த இடத்தில் மறிக்கலாம் என்பவற்றை இந்த இடைத்தூதைக் கொண்டே விளக்க முடியும். சுண்டெலி, நாய், பூனை, பசு ஆகியவற்றின் சான்றுகளைக் கொண்டு இக்கருத்தை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

2. பால்சுரப்பியின் அமைப்பு

பால்சுரப்பியின் எண்ணிக்கையும் இடமும் இனத்துக்கு இனம் மாறுபடும். சுண்டெலிக்கு 5 இணை, நாய்க்குப் பொதுவாக 5 இணை, பூனைக்கு 4 இணை. பசுவின் மடியில் 4 சுரப்பிகள், ஆட்டில் 2. உள்ளமைப்பு மட்டும் எல்லாவற்றிலும் ஏறத்தாழ ஒன்றே. கொழுப்புத் திசுவுக்குள் கிளைத்துச் செல்லும் நாளங்கள். நாளங்களின் முனைகளிலும் பக்கங்களிலும் கொத்துக்கொத்தாக நுண்ணறைகள்.

நாளத்தின் சுவரில் இரண்டு அடுக்குகள் உண்டு. உட்புழையைச் சூழ்ந்திருப்பவை உள்ளடுக்குச் செல்கள். சினைக்காலத்தில் இவற்றின் வழிவந்தவையே பால் சுரக்கின்றன. அவற்றின் வெளிப்புறத்தில் இருப்பவை அடியடுக்குச் செல்கள். இவை சுருங்கிப் பாலை வெளியே தள்ளுகின்றன. திசுவைப் புதுப்பிக்கும் குருத்துச் செல்கள் இந்த அடியடுக்கைச் சார்ந்தே காணப்படுகின்றன.

வளர்ச்சியை மூன்று கட்டங்களாகப் பிரிக்கலாம். பருவமடையும்போது நாளங்கள் நீள்வது முதற்கட்டம். இதில் முன்னிற்பது ஈஸ்ட்ரோஜன். முதிர்ந்த பின் நாளங்களின் பக்கவாட்டில் கிளைகள் முளைப்பது இரண்டாம் கட்டம். சினையில் நுண்ணறைகள் பெருகுவது மூன்றாம் கட்டம். பின்னிரண்டும் புரோஜெஸ்டிரோனின் ஆட்சிக்குட்பட்டவை. மூன்றாவதில் புரோலாக்டினும் உடன் சேர்கிறது.

3. ஹார்மோனின் பங்கு தெளிந்த வரலாறு

1929இல் அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் கார்னரும் வில்லார்ட் ஆலனும் மஞ்சள் உடலத்தின் சாற்றைக் கொண்டு ஆய்வு செய்தனர். கருவுற்ற முயல்களின் சூலகங்களை அகற்றினால் கரு நிலைக்காது. இச்சாற்றை ஊசி மூலம் செலுத்தியபோது கரு வளர்ந்தது. 1934இல் நான்கு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே அச்சாற்றிலிருந்த தூய பொருளைப் பிரித்தெடுத்தன. ஜெர்மானிய வேதியியலாளர் அடால்ஃப் பூட்டனான்ட்டின் குழு அவற்றுள் ஒன்று.

மடியில் அதன் பங்கைத் தனியே பிரித்துக் காட்டுவது எளிதாக இல்லை. ஒரு விலங்குக்குப் புரோஜெஸ்டிரோனைக் கொடுத்தால் அதன் பிட்யூட்டரியும் அட்ரினலும் தத்தம் ஹார்மோன்களைச் சுரந்து முடிவைக் குழப்பிவிடும். 1958இல் கலிபோர்னியாவின் பெர்க்லியில் வில்லியம் லயன்ஸும் அவருடைய குழுவினரும் எலிகளின் பிட்யூட்டரி, சூலகம், அட்ரினல் ஆகிய மூன்றையும் அகற்றிவிட்டு ஹார்மோன்களை ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்தனர். ஈஸ்ட்ரோஜன், வளர்ச்சி ஹார்மோன், அட்ரினல் ஸ்டீராய்டு ஆகியவற்றைக் கொடுத்தபோது நாளங்கள் நீண்டன. அவற்றோடு புரோஜெஸ்டிரோனையும் புரோலாக்டினையும் சேர்த்த பிறகே நுண்ணறைகள் தோன்றின. நாளத்துக்கு ஒரு ஹார்மோன் தொகுதி, நுண்ணறைக்கு இன்னொரு தொகுதி என்ற பாகுபாடு இந்த ஆய்வால் உறுதிப்பட்டது.

4. ஏற்பியும் அதன் இரு வடிவங்களும்

புரோஜெஸ்டிரோன் கொழுப்பில் கரையும் ஸ்டீராய்டு. செல்லின் சவ்வைக் கடந்து உள்ளே செல்லும். அங்கே அதற்குரிய ஏற்பிப் புரதத்தோடு இணைந்து, டி.என்.ஏ.யின் குறிப்பிட்ட இடங்களில் அமர்ந்து சில மரபணுக்களை இயக்குகிறது. ஏற்பி இல்லாத செல்லுக்குள் எவ்வளவு ஹார்மோன் நுழைந்தாலும் இது நிகழாது. எனவே மடியில் ஏற்பி எங்கே, எப்போது இருக்கிறது என்பதே முதற்கேள்வியாயிற்று.

இக்கேள்விக்கு அடித்தளமான விடைகளைத் தந்தவர்களுள் ஒருவர் சியாமளா கோபாலன். 1938இல் சென்னையில் பிறந்து, பெர்க்லியில் 1964இல் முனைவர் பட்டம் பெற்று, கனடாவின் மான்ட்ரியலிலும் பின்னர் மீண்டும் பெர்க்லியிலும் ஆய்வு செய்தவர். அமெரிக்கத் துணை அதிபராக இருந்த கமலா ஹாரிஸின் தாய் என்றே பொதுவெளியில் அவரை அறிவர். பால்சுரப்பி ஆய்வாளர்களிடையே ஜி. சியாமளா என்ற பெயர் அதற்கு வெகுகாலம் முன்பே நிலைபெற்றிருந்தது. சாண்ட்ரா ஹஸ்லாமுடன் இணைந்து 1979இல் அவர் வெளியிட்ட ஆய்வுகள், சுண்டெலியின் இயல்பான மடியில் புரோஜெஸ்டிரோன் ஏற்பிகள் இருப்பதையும், சினையுறாத எலியில் ஈஸ்ட்ரோஜன் அவற்றின் அளவை உயர்த்துவதையும் காட்டின. பால் கொடுத்துக்கொண்டிருக்கும் எலியின் மடியிலோ ஈஸ்ட்ரோஜன் அவ்விளைவை உண்டாக்கவில்லை. ஈஸ்ட்ரோஜன் முதலில் ஏற்பியை உருவாக்கி வைக்க, புரோஜெஸ்டிரோன் பின்னர் அதன் வழியே செயல்படுகிறது. பால் சுரக்கும் காலத்தில் இந்த வழி அடைக்கப்படுகிறது.

ஏற்பிக்கு ஏ, பி என இரு வடிவங்கள் உண்டு. இரண்டும் ஒரே மரபணுவிலிருந்து வருபவை. 1998இல் சியாமளாவின் குழு, ஏ வடிவம் மிகுதியாக இருக்குமாறு மரபணு மாற்றிய சுண்டெலிகளை ஆராய்ந்தது. அவற்றின் மடியில் பக்கக் கிளைகள் அளவுமீறிப் பெருகியிருந்தன. செல்களின் அடுக்கமைவும் சீர்குலைந்திருந்தது. ஏற்பி இருந்தால் மட்டும் போதாது, இரு வடிவங்களின் விகிதமும் சரியாக இருக்க வேண்டும் என்பது இதன் பொருள்.

ஏற்பியை முற்றிலும் நீக்கினால் என்ன ஆகும்? 1995இல் ஹூஸ்டனின் பேய்லர் மருத்துவக் கல்லூரியில் ஜான் லைடன், பெர்ட் ஓ'மாலி ஆகியோரின் குழு அத்தகைய சுண்டெலிகளை உருவாக்கியது. அவற்றின் நாளங்கள் வழக்கம்போல் நீண்டன. பக்கக் கிளைகளும் நுண்ணறைகளும் வளரவில்லை. பின்னர் இரு வடிவங்களையும் தனித்தனியே நீக்கிப் பார்த்தபோது, சுண்டெலியின் சூலகத்துக்கும் கருப்பைக்கும் ஏ வடிவம் இன்றியமையாதது என்றும், மடியின் வளர்ச்சிக்குப் பி வடிவமே முதன்மையானது என்றும் தெரியவந்தது. ஒரே ஹார்மோன் ஓர் உறுப்பில் ஒரு வடிவத்தையும் மற்றோர் உறுப்பில் வேறொரு வடிவத்தையும் பயன்படுத்திக்கொள்கிறது.

5. ஏற்பி உள்ள செல்லும் பிரியும் செல்லும்

ஏற்பி தேவை என்று உறுதியானதும், ஏற்பி உள்ள செல்லே பிரிந்து பெருகுகிறது என்று கருதுவது இயல்பு. திசுவை நுண்ணோக்கியில் பார்த்தவர்கள் வேறொன்றைக் கண்டார்கள். ஏற்பி, உள்ளடுக்கின் ஒரு பகுதிச் செல்களில் மட்டுமே, அங்குமிங்குமாகச் சிதறிக் காணப்படுகிறது. அடியடுக்கில் அது இல்லை. 1997இல் மான்செஸ்டர் ஆய்வாளர்கள் மனித மார்பகத் திசுவில் ஏற்பிக்கு ஒரு நிறமும், பிரிந்துகொண்டிருக்கும் செல்லைக் காட்டும் புரதத்துக்கு வேறொரு நிறமும் ஏற்றிப் பார்த்தனர். இரண்டு நிறங்களும் ஒரே செல்லில் சேர்ந்து தோன்றுவது அரிதாக இருந்தது. பிரியும் செல்கள் பெரும்பாலும் ஏற்பியுள்ள செல்களுக்கு அருகிலேயே இருந்தன. கொறிவிலங்குகளிலும் இதே போக்கு பதிவானது.

இது தற்செயலான அண்மையா, காரண உறவா என்பதைக் கத்ரின் பிரிஸ்கெனும் ராபர்ட் வைன்பெர்க்கும் உள்ளிட்ட குழு 1998இல் சோதித்தது. இதற்கு அவர்கள் பயன்படுத்திய வழிமுறை 1959இல் கென்னத் டியோமின் குழு வகுத்தது. மூன்று வார வயதுடைய சுண்டெலியின் நாளங்கள், மடியின் கொழுப்புத் திண்டில் இன்னும் பரவியிருக்கமாட்டா. அப்போது அவற்றை வெட்டி நீக்கிவிட்டால் திண்டு வெறுமையாக இருக்கும். அங்கே வேறொரு எலியின் பால்சுரப்பிச் செல்களை வைத்தால் அவை முழு நாளத் தொகுதியாக வளரும்.

ஏற்பி நீக்கப்பட்ட செல்களை மட்டும் வெற்றுத் திண்டில் வைத்துச் சினையுறச் செய்தபோது நுண்ணறைகள் தோன்றவில்லை. அவற்றோடு இயல்பான செல்களையும் கலந்து வைத்தபோது, ஏற்பியற்ற செல்களும் பெருகி நுண்ணறைகளில் இடம்பெற்றன. புரோஜெஸ்டிரோனை அறியவே இயலாத செல்கள், அதை அறியும் அயற்செல்கள் இருந்த காரணத்தாலேயே வளர்ந்தன. ஹார்மோனின் கட்டளை ஒரு செல்லிலிருந்து அடுத்த செல்லுக்குக் கைமாறுகிறது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று அதற்குமுன் கிடைத்திருக்கவில்லை.

6. இடைத்தூதுப் பொருள்கள்

6.1 ராங்க்-எல்

கைமாற்றும் பொருள் எது என்ற தேடலுக்கு விடை எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. ராங்க்-எல் என்ற புரதம் எலும்பைக் கரைக்கும் செல்களை உருவாக்குவது. எலும்பு ஆய்வாளர்கள் 1990களின் பிற்பகுதியில் அதை இனங்கண்டனர். அப்புரதம் இல்லாத சுண்டெலிகளை ஜோசப் பென்னிங்கரின் குழு ஆராய்ந்தபோது எலும்புக் குறைபாட்டோடு மற்றொன்றும் தெரிந்தது. அவை குட்டி ஈன்றன. மடியில் பால் இல்லை. சினைக்காலத்தில் நுண்ணறைகள் உருவாகாததே காரணம் என 2000இல் அவர்கள் வெளியிட்டனர்.

புரோஜெஸ்டிரோன் ஏற்பியுள்ள உள்ளடுக்குச் செல்களில் ராங்க்-எல் உற்பத்தியைத் தூண்டுகிறது. அது அண்டையிலுள்ள செல்களின் ராங்க் என்ற ஏற்பியில் பொருந்தி, அவற்றைப் பிரியச் செய்கிறது. புரோஜெஸ்டிரோன் ஏற்பியே இல்லாத சுண்டெலியின் மடியில் ராங்க்-எல் புரதத்தை மரபணு வழியாக உற்பத்தி செய்ய வைத்தபோது, பக்கக் கிளைகளும் நுண்ணறைகளும் தோன்றின. மேலே உள்ள ஹார்மோன் இணைப்பு அறுந்திருந்தாலும் தூதுப்பொருள் மட்டுமே வேலையைச் செய்து முடிக்கிறது.

தாயின் எலும்பிலிருந்து கால்சியத்தை விடுவிக்கும் அமைப்பும், அக்கால்சியத்தைப் பாலாக்கும் சுரப்பியின் வளர்ச்சியும் ஒரே மூலக்கூறைப் பகிர்ந்துகொள்வது பாலூட்டிகளின் பரிணாமத்தில் கவனிக்கத்தக்க இணைவு.

6.2 விண்ட்-4

ராங்க்-எல் மட்டுமே தூதன்று. புரோஜெஸ்டிரோன் விண்ட்-4 என்ற சுரப்புப் புரதத்தையும் தூண்டுகிறது. அது இல்லாத திசுவில் சினையின் தொடக்க நாட்களில் தோன்ற வேண்டிய பக்கக் கிளைகள் தோன்றவில்லை என 2000இல் பிரிஸ்கென் காட்டினார்.

6.3 இரு அலைகள்

ஏற்பியுள்ள செல் ஒருபோதும் பிரிவதில்லை என்று சொன்னால் அது மிகையாகிவிடும். 2010இல் பிரிஸ்கெனின் குழு பெருக்கம் இரண்டு அலைகளாக நிகழ்வதைக் காட்டியது. புரோஜெஸ்டிரோன் கிடைத்த 24 மணி நேரத்துக்குள் வரும் முதல் அலை சிறியது. அதில் பிரிபவை ஏற்பியுள்ள செல்களே. அதற்குச் சைக்ளின் டி1 என்ற புரதம் தேவை. அதன்பின் வரும் இரண்டாம் அலை மிகப் பெரியது. அதில் பிரிபவை பெரும்பாலும் ஏற்பியற்ற செல்கள். அதை இயக்குவது ராங்க்-எல். மடியின் பருமனைத் தீர்மானிப்பது இந்த இரண்டாம் அலை என்பதால், இக்கட்டுரையின் மையக் கருத்து இதனால் வலுவிழப்பதில்லை. அதன் எல்லை துல்லியமாகிறது.

7. குருத்துச் செல்களின் மீதான விளைவு

2006இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் ஒரு சுண்டெலியின் அடியடுக்கிலிருந்து எடுத்த ஒற்றைச் செல்லைக் கொண்டு முழுப் பால்சுரப்பியையும் வளர்த்துக் காட்டினர். அத்தகைய குருத்துச் செல்களில் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஆகிய இரண்டுக்கும் ஏற்பி இல்லை. அப்படியானால் இனப்பெருக்க ஹார்மோன்களின் ஏற்ற இறக்கம் அவற்றைத் தொடாது என்றல்லவா எண்ணத் தோன்றும்?

2010இல் வெளியான இரண்டு ஆய்வுகள் அந்த எண்ணத்தை மாற்றின. டொரன்டோவில் ரமா கோகாவின் குழு, சுண்டெலியின் இனப்பெருக்கச் சுழற்சியில் புரோஜெஸ்டிரோன் உச்சத்தை எட்டும் கட்டத்தில் குருத்துச் செல்களின் எண்ணிக்கை 14 மடங்கு உயர்வதைக் கண்டது. மெல்போர்ன் குழுவோ சினைக்காலத்தில் அது 11 மடங்கு உயர்வதையும், சூலகத்தை அகற்றினால் குறைவதையும் கண்டது. ராங்க்-எல், விண்ட்-4 ஆகிய தூதுப்பொருள்கள் இரு ஆய்வுகளின் விளக்கத்திலும் இடம்பெற்றன. சுண்டெலியின் சுழற்சி 4 முதல் 5 நாட்களே. அவ்வளவு குறுகிய காலத்தில்கூட, அடுத்த சினைக்கான செல் இருப்பு கூடிக் குறைகிறது.

8. இனந்தோறும் மாறுபடும் வழிகள்

8.1 நாய்

பெண் நாய் கருவுற்றாலும் கருவுறாவிட்டாலும் அதன் மஞ்சள் உடலம் ஏறத்தாழ இரண்டு மாதங்கள் புரோஜெஸ்டிரோன் சுரக்கிறது. சினையே இல்லாத நாயின் மடி பருத்துப் பால்கூடச் சுரக்கும் பொய்ச்சினை நாய்களிடம் அடிக்கடி காணப்படுவதன் பின்னணி இதுவே. ஒவ்வொரு சுழற்சியிலும் மடியின் செல்கள் நீண்ட பெருக்கத்துக்கு உள்ளாகின்றன.

நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவர்கள் 1990களில் நாயின் தனித்தன்மை ஒன்றை வெளிப்படுத்தினர். பருவம் வராமல் தடுக்கப் புரோஜெஸ்டிரோன் வகை மருந்துகளைத் தொடர்ந்து பெற்ற நாய்கள் சிலவற்றில் வளர்ச்சி ஹார்மோன் மிகுந்து, தோல் தடித்து மடிப்பு விழுந்தது, பல்லிடுக்குகள் அகன்றன, நீரிழிவும் வந்தது. அந்த ஹார்மோன் பிட்யூட்டரியிலிருந்து வரவில்லை. பிட்யூட்டரியை அகற்றியபோது அளவு குறையவில்லை. மடித் திசு முழுவதையும் அகற்றியபோது விரைவில் விழுந்தது. புரோஜெஸ்டிரோன் தூண்டுதலால் நாயின் பால்சுரப்பியே வளர்ச்சி ஹார்மோனைத் தயாரிக்கிறது. அது முதலில் அருகிலுள்ள செல்களைப் பெருக்குகிறது. அளவு மீறும்போது இரத்தத்தில் கலந்து உடல் முழுவதையும் பாதிக்கிறது.

இந்த வேறுபாட்டுக்கு மனித மருத்துவ வரலாற்றிலும் இடமுண்டு. மெட்ராக்ஸிபுரோஜெஸ்டிரோன் என்ற கருத்தடை ஊசி மருந்து, பீகிள் இன நாய்களின் மடியில் கட்டிகளை உண்டாக்கியது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 1978இல் அதற்குக் கருத்தடை அனுமதி மறுத்தபோது காட்டிய காரணங்களில் இதுவும் ஒன்று. 1992இல்தான் அனுமதி கிடைத்தது. நாயின் மடி புரோஜெஸ்டிரோனுக்குத் தரும் பதில் மனிதருடையதைப் போன்றதன்று என்ற புரிதல் இடைப்பட்ட காலத்தில் வளர்ந்திருந்தது.

8.2 பூனை

இளம் பூனைகளில் முதற்பருவத்தையோ சினையையோ ஒட்டி, சில வாரங்களுக்குள் மடிகள் அனைத்தும் பெருமளவு வீங்குவதுண்டு. நாளங்களும் அவற்றைச் சூழ்ந்த இணைப்புத் திசுவும் ஒருசேரப் பெருகுவதே இந்நிலை, இது புற்றுநோயன்று. புரோஜெஸ்டிரோன் வகை மருந்து பெற்ற ஆண் பூனைகளிலும் இது வருகிறது. அக்லெப்ரிஸ்டோன் என்ற ஏற்பித் தடுப்பு மருந்தைக் கொடுத்தால் வீக்கம் வடிகிறது. வளர்ச்சி முழுவதும் ஏற்பியைச் சார்ந்தது என்பதற்கு மருந்தே இங்கு சான்றாகிறது.

8.3 பசு

கிடாரிக் கன்றின் மடி, பிறந்த சில மாதங்களில் உடலின் மற்றப் பகுதிகளைவிட வேகமாக வளரத் தொடங்குகிறது. இதனை மடித் திசுவின் டி.என்.ஏ. அளவைக் கொண்டு 1969இல் சின்ஹாவும் டக்கரும் அளந்து காட்டினர். நுண்ணறைப் பெருக்கத்தின் பெரும்பகுதி முதற்சினையில் நிகழ்கிறது. ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோனும் இணைந்து செயல்படுவதன் பயன் இங்கே நடைமுறையாகவே ஆகியிருக்கிறது. 1973இல் ஸ்மித்தும் ஷான்பேக்கரும், சினையில்லாத பசுக்களுக்கு இரண்டு ஹார்மோன்களையும் 7 நாட்கள் ஊசி மூலம் கொடுத்துப் பால் சுரக்க வைத்தனர். எஸ்ட்ராடயால் உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.1 மில்லிகிராம், புரோஜெஸ்டிரோன் 0.25 மில்லிகிராம் என்பது அவர்கள் கையாண்ட அளவு. சினைப்பிடிக்காத பசுக்களிடமிருந்து பால் பெறும் பிற்கால முயற்சிகள் பலவும் இதன் வழிவந்தவை.

9. வளர்க்கும் ஹார்மோனே தடுக்கும் ஹார்மோன்

புரோஜெஸ்டிரோன் பால் சுரக்கும் செல்களை உருவாக்குகிறது; அவை சுரக்கத் தொடங்குவதைத் தடுப்பதும் அதுவே. ஈனும் காலம் நெருங்கும்போது இரத்தத்தில் அதன் அளவு சரிகிறது. எலிகளில் பால் சுரப்பைத் தொடங்கிவைப்பது இச்சரிவே என்று 1969இல் குன் எடுத்துக்காட்டினார். சுரப்பு நிலைபெற்றதும் மடியில் ஏற்பி மறைந்துவிடுவதால், பின்னர் புரோஜெஸ்டிரோன் உயர்ந்தாலும் பால் நிற்பதில்லை. குட்டி ஈன்ற உடனேயே சுண்டெலி மீண்டும் சினையுற்று, பழைய குட்டிகளுக்குப் பாலும் கொடுத்துக்கொண்டிருக்க முடிவது இதனால்தான்.

10. நோய்க்கூறும் தடுப்பும்

பெருக்கம் மிகும் இடத்தில் மரபணுப் பிழைகளும் நிலைபெற வாய்ப்புண்டு. அமெரிக்காவில் 1969இல் ஷ்னைடரின் குழு வெளியிட்ட ஆய்வின்படி, கருத்தடை அறுவை செய்யப்படாத நாயின் மடிப் புற்று அபாயத்தோடு ஒப்பிட்டால், முதற்பருவத்துக்கு முன் அறுவை செய்த நாய்க்கு அந்த அபாயம் 0.5 சதவீதம், முதற்பருவத்துக்குப் பின் 8 சதவீதம், இரண்டாம் பருவத்துக்குப் பின் 26 சதவீதம். இவ்வெண்களின் சான்றுவலிமை போதாது என்று 2012இல் வெளிவந்த ஒரு முறைசார் மீளாய்வு சுட்டிக்காட்டியது. பூனைகளில், ஆறு மாதத்துக்கு முன் அறுவை செய்தால் அபாயம் 91 சதவீதம் குறைவதாக 2005இல் வெளியான ஆய்வு கூறுகிறது.

ஆய்வகத்தில் காரணத் தொடர் இன்னும் தெளிவாகத் தெரிகிறது. புற்றூக்கி வேதிப்பொருளோடு செயற்கைப் புரோஜெஸ்டிரோனையும் பெறும் சுண்டெலிகளுக்கு மடிக்கட்டிகள் விரைவில் வருகின்றன. 2010இல் வெளியான இரு ஆய்வுகள், ராங்க்-எல் பாதையை மறித்தால் அக்கட்டிகள் தாமதமாகவும் குறைவாகவும் வருவதைக் காட்டின. மனிதரில் எலும்புத் தேய்வுக்குத் தரப்படும் டெனோசுமாப் இதே புரதத்தைப் பிணைக்கும் மருந்து என்பதால், மார்பகப் புற்று அபாயம் மிகுந்தோரிடம் அதைச் சோதிக்கும் முயற்சிகள் தொடங்கின.

11. முடிவுரை

மேற்கண்ட சான்றுகளிலிருந்து மூன்று முடிவுகளுக்கு வரலாம்.

முதலாவது, புரோஜெஸ்டிரோனின் செல்பெருக்க விளைவு பெரும்பாலும் மறைமுகமானது. ஆகவே ஒரு செல்லில் ஏற்பி இல்லை என்பதால் அது இந்த ஹார்மோனின் ஆளுகைக்கு வெளியே இருக்கிறது என்று முடிவுகட்ட இயலாது. குருத்துச் செல்கள் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு.

இரண்டாவது, ஹார்மோனும் ஏற்பியும் எல்லாப் பாலூட்டிகளுக்கும் பொதுவாக இருக்க, அவற்றுக்குக் கீழே செயல்படும் தூது இனத்துக்கு இனம் வேறுபடலாம். சுண்டெலியில் ராங்க்-எல் முன்னிற்க, நாயில் மடியே சுரக்கும் வளர்ச்சி ஹார்மோன் முன்னிற்கிறது. ஓர் இனத்தில் செய்த மருந்துச் சோதனையை மற்றோர் இனத்துக்குப் பொருத்தும் முன், அங்கே தூது எது என்று காண வேண்டும். பீகிள் நாய்களால் எழுந்த நெடுங்கால விவாதம், அக்கேள்வி காலத்தில் கேட்கப்படாததன் விலை.

மூன்றாவது, சிகிச்சைக்கு இரண்டு இடங்கள் கிடைக்கின்றன. சூலகத்தை அகற்றுவதும் ஏற்பியைத் தடுப்பதும் மேல்மட்டத்தில் மறிப்பவை. இனப்பெருக்கத்தையே அவை பாதிக்கும். தூதுப்பொருளை மறிப்பது கீழ்மட்டத்தது. சூலகத்தையும் கருப்பையையும் விட்டுவைத்து மடியின் பெருக்கத்தை மட்டும் அடக்கும் வாய்ப்பு அதற்கு உண்டு. ராங்க்-எல் எலும்பிலும் பணியாற்றுவதால் அவ்வழியிலும் பக்கவிளைவுகளைக் கணக்கில் கொள்ள வேண்டும். எந்த மட்டத்தில் மறிப்பது என்பதை, அந்த விலங்கு இனி ஈன வேண்டுமா என்பதும் அதன் இனத்தில் தூது எது என்பதும் சேர்ந்தே தீர்மானிக்கும்.